மல்வேர்ன் வீட்டில் யார் யார் இருந்தார்கள்

இயேசு மரி சூசை துணை

மல்வேர்ன், ரொறன்ரோ,
ஆடி மாதம்.

அன்புள்ள மகள் யூஜினிக்கு, ஐயா சொல்லச் சொல்ல எழுதுவது. மேலே என்ன திகதி போடுவது என்று எழுதுகிறவர் கேட்டார். அங்கே சண்டை முடிந்தது என்று கொழும்பில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்த வருசம், இங்கே எங்கள் சனம் தள்ளுவண்டில் பிள்ளைகளோடு பெருந்தெருவில் ஏறிக் குந்தின வருசம், அமெரிக்காவில் பாடி ஆடுகிற அந்த ஆட்டக்காரன் செத்துப்போக உலகத்து ரி.வி எல்லாம் ஒரு மனுசனுக்காக விடாமல் அழுத வருசம், ரொறன்ரோவில் குப்பை அள்ளுகிறவர்கள் வேலையை நிறுத்தி நாலாவது கிழமை என்று போடுங்கோ என்றேன். அவ்வளவுக்கும் இடமில்லை என்று ஆடி மாதம் என்று மட்டும் போட்டிருக்கிறார். நீயும் மருமகனும் பேத்தியும் அந்த மழை ஊர் பேர்கனில் நோய் நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நானும் சுகம் என்று எழுதச் சொன்னேன், எழுதுகிறவர் என் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கால் வீக்கம் வற்றவில்லை, ஒரு காது அடைத்துவிட்டது, மற்றப்படி சுகம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், மறக்கவும் தெரியாது என்பதும் உனக்குத் தெரியும், அதனால் கனக்க வரும், ஆறுதலாக வாசி. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். அண்ணன் வீட்டுப் போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் மேல்மாடியில் ஒரு ஆள் தூக்கிக் கேட்கிறது, நீயும் பாதியில் பிள்ளை அழுகிறது என்று வைத்துவிடுவாய். கடிதத்தை வைத்தாலும் திரும்ப எடுக்கலாம். இதை எழுதுகிறவர் யார் என்று கடைசியில்தான் சொல்வேன். இப்போது சொன்னால் மிச்சத்தை வாசிக்காமல் அண்ணனுக்குப் போன் எடுப்பாய். கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, சின்னனிலும் உனக்கு அந்தப் பழக்கம் இருந்தது.

விசயம் மல்வேர்ன் வீட்டைப் பற்றியது. அண்ணன் உனக்கு ஒரு பக்கம் சொல்லியிருப்பான், மற்றப் பக்கத்தை நான் சொல்கிறேன். அந்த வீடு வாங்கினது தொண்ணூற்றுநாலு பங்குனியில். அண்ணன் யூட் சென் ஜேம்ஸ் ரவுணில் கூட்டாளியோடு வீடியோக் கடை வைத்து முறிந்துபோயிருந்தான், வங்கி அவனைத் திரும்பியும் பார்க்காது. எனக்குக் கந்தோர்க் கட்டடத்தில் நிலம் துடைக்கிற நிரந்தர வேலை. அதனால் வீடு என் பெயரில் வந்தது. எங்கள் சனத்தில் யார் பெயரில் வீடு, யார் காசு, யார் இருக்கிறது என்பது மூன்று வேறு கதை, அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. வங்கியில் போய் ஐயா கைநாட்டு வைத்தால் வெட்கம் என்று நீதான் அப்போது இருந்த பதினாலாம் மாடி வீட்டுச் சமையலறை மேசையில் என்னை இருத்தி ஏழு இங்கிலிஷ் எழுத்துப் பழக்கினாய். முதலாவதுக்கு இரண்டு வயிறு, இரண்டாவது ஏணி, மூன்றாவது பாம்பு, நாலாவது சிலுவை என்று சொல்லித்தந்தாய். ஐம்பத்தெட்டு வயதில் நான் படித்த படிப்பு அவ்வளவுதான். அந்த ஏழு எழுத்தில் வந்த வீட்டில் நீ தொண்ணூற்றெட்டு ஆவணியில் கலியாணம் கட்டிப் போகுமட்டும் இருந்தாய், அண்ணன் இரண்டாயிரமாம் ஆண்டு றிச்மண்ட் ஹில்லில் தன் பெயரில் வீடு வாங்கிப் போகுமட்டும் இருந்தான், அம்மா இரண்டாயிரத்து மூன்று தை மாதம் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலமைமட்டும் இருந்தா. அம்மாவின் செலவு முழுக்க அண்ணன்தான் பார்த்தான், அதை நான் ஒருக்காலும் மறைக்கவில்லை. அம்மா போனபிறகு தனிய இருக்க வேண்டாம் என்று என்னை அந்தச் சித்திரையில் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பேஸ்மென்டில் விட்டான். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்க ஆளும் தேவையாயிருந்தது. அன்றையிலிருந்து மல்வேர்ன் வீட்டில் நான் ஒருநாளும் படுத்தெழும்பவில்லை. இந்த வசனத்தை நீ இரண்டாம்தரம் வாசி. இந்தக் கடிதத்தின் மிச்சம் முழுக்க இதிலேதான் நிற்கிறது.

வைகாசியில் வீட்டை ஸ்ரீஸ்கந்தராசா என்று ஒரு பொடியனுக்கு வாடகைக்கு விட்டோம். முல்லைத்தீவுப் பக்கத்து ஆள், மெல்லிய உடம்பு, கதை குறைவு, பாண் பேக்கரியில் வேலை. மனைவி தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறவ. துர்க்கா என்று ஒன்றரை வயதில் ஒரு பெண்பிள்ளை. ஒப்பந்தம் கிடையாது, ரசீது கிடையாது, மாதம் முதலாம் திகதி நான் மூன்று பஸ் பிடித்துப் போய்க் காசாக வாங்கிக்கொண்டு வந்து அண்ணன் கையில் கொடுப்பேன். ஒருநாள் அந்தக் குஞ்சு, அப்போது நாலரை வயது, கடை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தது. தகப்பன் காசை எண்ணித் தர, வீட்டுக்கார அங்கிள் பொறுங்கோ எண்டு சொல்லி, மெழுகுப் பென்சிலால் ஒரு கடதாசியில் எதையோ கீறிக் கிழித்து, இந்தாங்கோ பில் எண்டு என் கையில் வைத்தது. தகப்பன் வெட்கப்பட்டுச் சிரித்து, ஐயா குறை நினையாதேங்கோ, கடையில பாத்துப் பழகிட்டுது எண்டான். நான் பேர்ஸுக்குள் வைத்தேன். அந்த வீட்டில் நாலு வருசமாக எழுதப்பட்ட ஒரே ரசீது அதுதான். இரண்டாயிரத்து ஆறு ஆனியில், சமாதான காலந்தானே, தன் தாய்க்கு நோய் கடுமை என்று ஸ்ரீஸ்கந்தராசா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போனான். ஆறு கிழமையில் வாறம் என்று போனவர்கள். ஆவணியில் திரும்பி வருகிற பாதையைப் பூட்டினார்கள். பூட்டினது பூட்டினதுதான். மனைவி இங்கே தனிய அந்த வீட்டில் இருந்து வாடகை கட்டினா. அடுத்த வருசம் சித்திரையில் அண்ணன் வீட்டை விற்றான், அவவை இரண்டு மாதத் தவணையில் எழுப்பினோம். நான்தான் போய்ச் சொன்னேன். அவர் வந்து வீட்டைத் தேடினா என்ன செய்யிறது அங்கிள் என்று மட்டும் கேட்டா. விலாசம் நான் சொல்லுவன்தானே பிள்ளை என்றேன்.

இந்த வருசம் பங்குனி முடிய வரிக்கந்தோரில் இருந்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நீ இரண்டாயிரத்து ஏழில் ஒரு வீடு விற்றிருக்கிறாய், லாபத்துக்கு வரி கட்டவில்லை, அது நீ குடியிருந்த வீடு என்றால் எந்த வருசத்திலிருந்து எந்த வருசம்வரை இருந்தாய், உன்னைவிட வேறு யார் அங்கே இருந்தார்கள், நடுவைகாசிக்குள் எழுதி அனுப்பு. இது எல்லாம் பிறகு எனக்குத் தெரியவந்தது. அப்போது அண்ணன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. வைகாசி எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை, நான் ஊர்வலத்துக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன், படியால் இறங்கி வந்து ஒரு தாளை நீட்டி, ஐயா இதில ஒருக்கா வையுங்கோ, நீங்கள் மல்வேர்ன் வீட்டில இருந்தனீங்கள் எண்டு வரிக்காரனுக்கு ஒரு கடிதம் என்றான். இருந்தேன்தானே. இரண்டு வயிறு, ஏணி, பாம்பு, சிலுவை என்று கீறிக் கொடுத்தேன். எதுவரைக்கும் இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கு யாருடைய மனதும் தாளில் இல்லை மகள்.

செவ்வாய்க்கிழமை யூனிவர்சிற்றி அவெனியூவில் நடைபாதையில் குந்தியிருந்தேன். ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி சனத்துக்குள்ளால் என்னைத் தேடிக்கொண்டு வந்தா. ஆள் பாதியாகிவிட்டா. இங்கே இருந்து போய் அங்கே சண்டைக்குள் அகப்பட்ட ஆட்களின் பெயரை ஒரு கந்தோரில் பதிகிறார்கள், வெளியே எடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறார்களாம், அதற்கு அவர்கள் இன்ன வீட்டில் குடியிருந்தவர்கள் என்று வீட்டுக்காரரின் கடிதம் ஒன்று வேணும் அங்கிள் என்றா. பிள்ளையின் படத்தைக் கழுத்தில் கட்டியிருந்தா. ஓம் பிள்ளை, நாளைக்கே தாறன் என்றேன். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் ஒரு கடிதம் எழுதித் தா என்று கேட்டேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு எழும்பினான். ஐயா உங்களுக்கு விசரோ, போன வெள்ளிக்கிழமை நீங்கள் என்னத்துக்குக் கையெழுத்து வைச்சனீங்கள், விற்கிற நாள்மட்டும் நான்தான் இருந்தனான், வேற ஒருத்தரும் இருக்கேல்லை எண்டெல்லோ வைச்சிருக்கிறியள், இப்ப அதே கையால மூண்டு பேர் இருந்தவை எண்டு எழுதினா ரெண்டு கடிதமும் ஒரு மேசைக்கு வரும், பிறகு உங்களைத்தான் கூப்பிடுவாங்கள் என்றான். அப்படியானால் முதல் கடிதத்தை மாற்று என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்க்கவில்லை. நீங்கள்தானே எனக்குப் படிப்பிச்சனீங்கள் என்றான்.

அவன் சொன்னது எதை என்று உனக்குத் தெரியும். எண்பத்தாறில் மயிலிட்டியில் ஆமி வீடு வீடாக வந்து இந்த வீட்டில் படுத்தெழும்புகிறவர்கள் யார் யார் என்று பெயர் பதிந்தான். நான் என் பெயர், அம்மாவின் பெயர், உன் பெயர் மூன்றையும் சொன்னேன். அண்ணன் வலைக் குவியலுக்குள் கிடந்தான், நீ அதன்மேல் ஏறி இருந்து பாவாடையைத் தைத்துக்கொண்டிருந்தாய், உனக்கு விரலில் ஊசி ஏறினது. மேற்குப் பக்கத்து வீட்டுக்காரன் தன் இரண்டு பொடியன்களின் பெயரையும் ஒழுங்காகச் சொன்னான். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அரசாங்கம் யார் இருக்கிறது என்று கேட்டால் பெயரை விழுங்குகிறதுதான் பழக்கம். அந்தப் பழக்கத்தால் என் பிள்ளை உயிரோடு இருக்கிறான், இரண்டு கராஜ் வைத்த வீட்டில் இருக்கிறான். அதனால் அன்றைக்கு எழும்பிப் பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனேன். புதன்கிழமை அந்தப் பிள்ளை போன் எடுத்தபோது, கொஞ்சம் பொறு பிள்ளை, மகனோடு கதைக்கவேணும் என்றேன். வியாழன் எடுத்தா, பொறு என்றேன். வெள்ளிக்கு எடுக்கவில்லை. திங்கட்கிழமை எல்லாம் முடிந்தது என்று ரி.வியில் சொன்னார்கள்.

ஆனி மாதம் முகாமில் இருந்து தெரிந்த ஒரு ஆள் சொல்லியனுப்பினான். அவன் பார்க்கப் போன தாய் மனுசி மாசியிலேயே செல் விழுந்து செத்துப்போச்சு. ஸ்ரீஸ்கந்தராசாவும் துர்க்காவும் அந்த வியாழக்கிழமை, பங்கருக்குள், ஒன்றாக. பிள்ளைக்கு ஏழரை வயது. இந்த இடத்தில் எழுதுகிறவர் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்க் குசினியில் தண்ணீர்ப் பைப்பைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றார். விடுவோம், இதோடு நிற்பாட்டுவோம் என்றேன். வேண்டாம் சொல்லுங்கோ என்று வந்து இருந்தார். நான் அந்த வியாழக்கிழமை என்ன சொன்னேன் என்று இப்போது உனக்குத் தெரியும். என் கடிதம் போயிருந்தால் அவர்களை யாராவது எடுத்திருப்பார்களா? இல்லை. இங்கே அத்தனை ஆயிரம் பேர் தெருவில் கிடந்து எடுக்க முடியாததை என் ஏழு எழுத்தா எடுத்திருக்கும்? இதை எல்லாரும் எனக்குச் சொல்லியாகிவிட்டது, கோவில் பாதர் சொன்னார், அண்ணன் சொன்னான், நீயும் சொல்லுவாய். நான் கேட்கிறது அது இல்லை. அங்கே இவ்வளவு சனம் இல்லை, கொஞ்சப்பேர்தான் இருக்கிறார்கள் என்று கடைசிமட்டும் கொழும்பு அரசாங்கம் ரேடியோவில் சொன்னது, நாங்கள் கொதித்தோம், பொய் பொய் என்று தெருவில் நின்று கத்தினேன். அதே கிழமை, இதே தொண்டையோடு, அந்த மூன்று பேரும் என் வீட்டில் இருக்கவில்லை என்று நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனி கடைசியில் அண்ணனுக்குச் சொல்லாமல் பஸ் பிடித்து ஸ்காபறோவில் எங்கள் அக்கவுண்டன்ட் பத்மநாதனிடம் போனேன். நல்ல மனுசன், வருசா வருசம் என் கணக்கு அவர்தான் செய்கிறவர். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தாளில் கோடு கீறி எனக்கு விளங்கப்படுத்தினார். அண்ணை, சொந்த வீட்டில தான் இருந்த வருசங்களுக்கு லாபத்தில வரி இல்லை, மனுசி பிள்ளையள் இருந்தாலும் சரி. விட்டிட்டு வெளிய போய் வாடகைக்குக் குடுத்தா, வெளிய போன அந்த வருசத்துக் கணக்கிலேயே அதைச் சொல்லவேணும். சொல்லி, வாடகைக் காசையும் காட்டி, இதை இன்னும் என்ரை வீடாத்தான் வைச்சிருக்கிறன் எண்டு ஒரு கடிதம் வைச்சா, பிறகும் நாலு வருசத்துக்கு அது உங்கட வீடுதான், வரி இல்லை. நான் விரலை மடித்து எண்ணினேன். மூன்றில் போனேன், ஏழில் விற்றான். நாலு. நாலேதான் என்று அவரும் தலையை ஆட்டினார். அப்ப ஒரு கடிதம் வைச்சிருந்தா இந்த லாபத்துக்கு ஒரு சதமும் இல்லையோ தம்பி என்றேன். இல்லை அண்ணை, வாடகைக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் கட்டியிருப்பியள் என்றார். சிரிப்பு வந்தது மகள். உண்மையைச் சொன்னால் ஒன்றும் இல்லை, அதை ஒளிக்கத்தான் இவ்வளவும். அவர் சிரிக்கவில்லை. அண்ணை, ஒரு சொல்லுச் சொல்லுவன், கோவிக்கப்படாது, ரெண்டாயிரத்து நாலு பங்குனியில நீங்களும் தம்பி யூட்டும் இந்தக் கதிரையில இருக்கேக்கை நான் கேட்டனான், விலாசம் மாறியிருக்கோ, வீடு வாடகைக்கு விட்டிருக்கோ எண்டு. யூட் வாயைத் திறக்கப் போனவர், நீங்கள்தான் முந்திக்கொண்டு, இல்லைத் தம்பி, நான் அங்கைதான் இருக்கிறன் எண்டு சொன்னனீங்கள் என்றார்.

எனக்கு மறதி இல்லை என்று பீத்திக்கொண்டு திரிகிறேன். அந்த நாளும் எனக்கு நினைவிருக்கிறது. மேசையில் ஒரு சின்னப் பிள்ளையார், சன்னலில் உருகிற பனி, யூட்டின் நீலக் குளிர்ச்சட்டை, எல்லாம் இருக்கிறது. நான் சொன்ன பதில் மட்டும் நினைவில் இருந்து கழன்று விழுந்திருக்கிறது. அவர் கேட்டது ஒரு கேள்வி, எனக்குக் கேட்டது வாசலில் சப்பாத்துச் சத்தம். பெயரை விழுங்கினேன். யூட் என்னைத் திரும்பிப் பார்த்தான், ஐயா சொன்னால் சரி என்று விட்டுவிட்டான். ஐந்து வருசமாக அவன் என் பொய்யைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். இந்தக் கிழமை முழுக்க அவனைத் திட்டுவதற்கென்றுதான் இந்தக் கடிதத்தை மனதில் கோத்துக்கொண்டு வந்தேன், கோத்த நூல் என் கழுத்திலேயே வந்து இறுகிவிட்டது. அதையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னேன்.

பத்மநாதன் எனக்காக இரண்டாவது கடிதம் எழுதினார். அவர்கள் கூப்பிட முந்தி முழுதையும் நாங்களே சொன்னால் மறியலில் பிடித்து அடைக்கிறதெல்லாம் இல்லை, வரியும் வட்டியும் தண்டமும் வரும், அந்த நாலு வருசக் கடிதத்தைப் பிந்தியும் ஏற்பார்களோ என்று கேட்டுப் பார்ப்போம், ஏற்றால் ஏற்பார்கள் என்றார். ஏற்காவிட்டாலும் நான் இருந்த பத்து வருசத்தை யாரும் பறிக்க முடியாதாம். அதோடு ஒரு வருசம் சும்மா சேர்த்துத் தருவார்களாம், ஏன் என்று கேட்டேன், சட்டம் அப்படி என்றார். இந்த நாட்டில் இருக்காத ஒரு வருசத்தையும் இருந்ததாகத் தருகிற சட்டம் ஒன்று இருக்கிறது, அதைத் தெரியாமல் நாங்கள் களவெடுத்திருக்கிறோம். கடிதத்தில் இன்ன திகதியில் இருந்து இன்ன திகதிவரை இந்த மூன்று பேர் குடியிருந்தார்கள் என்று பெயரோடு போடச் சொன்னேன். பெயர் தேவையில்லை அண்ணை, வாடகைக்கு ஆள் இருந்தது எண்டாப் போதும் என்றார். போடுங்கோ தம்பி என்றேன். பேர்ஸில் இருந்த அந்த மெழுகுப் பென்சில் துண்டையும் எடுத்து வைத்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றுதான் கேட்டேன். அப்பா, அம்மா, துர்க்கா என்று இங்கிலிஷில் எழுதி, பக்கத்தில் ஒரு வீடு கீறி, வீட்டுக்குள் மூன்று தலை போட்டிருக்கிறதாம். வாசலுக்கு வெளியே தொப்பியோடு ஒரு கிழவன் நிற்கிறானாம். வீட்டுக்குள் யார், வெளியில் யார் என்று நாலரை வயதுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. இதை அவங்கள் கேக்கேல்லை அண்ணை என்றார். அவங்கள் கேட்டது இதைத்தான் என்றேன். ஒரு பிரதி எடுத்துக் கடிதத்தோடு குத்தினார்.

அண்ணனுக்கு நானே சொன்னேன். அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் நல்லது. விற்ற காசு முழுக்க இந்த வீட்டுக் கடனில போட்டாச்சு, நான் ரெண்டு வேலை செய்யிறன், செத்தவைக்கு ஒரு கடிதம் குடுக்கிறதுக்காக இருக்கிறவையை ரோட்டில விடப்போறியளோ என்றான். அவன் கணக்கில் அது நியாயம். மருமகள்தான் பிறகு வந்து, ஒரு கொஞ்ச நாளைக்கு வேற எங்கையாவது இருந்தா நல்லம் மாமா என்றா. அன்று பின்னேரம் நீயும் போன் எடுத்தாய். என்ன கேட்டாய் என்று நினைவிருக்கா? என் கால் எப்படி என்று கேட்கவில்லை. அண்ணன் சொல்லுறதைக் கேளுங்கோ ஐயா, உங்களுக்கு ஏன் இந்த வயசில வீண் வேலை என்றாய். ஸ்ரீஸ்கந்தராசாவின் பெயரை நீ கேட்டறிந்திருக்கவும் மாட்டாய், அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை, சொல்லத்தான் சொல்கிறேன். எனக்கு இந்த உலகத்தில் இரண்டு வீடு இருந்தது. மயிலிட்டியில் இருக்கிறதற்குள் பத்தொன்பது வருசமாக ஆமி இருக்கிறான், என்னைப் போக விடான். மல்வேர்னில் இருந்ததற்குள் நான் இருந்தேன் என்று கையெழுத்து வைத்தேன், இருக்கவில்லை. எழுபத்துமூன்று வயதில் இருந்த இடத்தையும் இருக்காத இடத்தையும் ஒருதரம் ஒழுங்காகச் சொல்லிவிட்டுச் சாக எனக்கு விருப்பம், அது வீண் வேலை என்றால் வீண் வேலை. ஆவணி முதலாம் திகதி இங்கே மல்வேர்னில் ஒரு மனுசனின் வீட்டில் ஒரு அறைக்குப் போகிறேன். மாதா மாதம் வாடகைக்கு ரசீது தரவேணும் என்று முதலே சொல்லிவிட்டேன். ஆள் ஒரு மாதிரிப் பார்த்தான்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. போன மார்கழி நத்தார்ப் பெருநாளுக்குக் கதைக்கும்போது, பேர்கனில் இன்னொரு சின்ன வீடு வாங்கி மாமியாரின் பெயரில் போடப்போகிறோம் என்றாய். போடாதே மகள். யார் இருக்கிறதோ அவர்களின் பெயரில் போடு, இல்லாவிட்டால் வாங்காதே. வாடகைக்கு யாராவது வந்தால் பெயரைக் கேட்டு எழுதி வை, பிள்ளைகளின் பெயரையும் எழுதி வை. பேத்தியைக் குளிரில் தலைமுடி ஈரத்தோடு விடாதே. மருமகன் மீன் தொழிற்சாலையில் கை மரத்துப்போகிறது என்றாரே, இரண்டு கையுறை போடச் சொல். பத்மநாதன் உன்னிடமும் ஒரு கடிதம் கேட்கிறார், அதை ஆவணி பதினைந்துக்கு முந்தி அனுப்பவேணும், மறந்துவிடாதே. தொண்ணூற்றுநாலில் இருந்து தொண்ணூற்றெட்டுவரை அந்த வீட்டில் ஐயா, அம்மா, அண்ணன், நான் இருந்தோம் என்று உள்ளதை எழுதிக் கையெழுத்து வை. ஒரு நாள் கூட்டவும் வேண்டாம், ஒரு ஆளைக் குறைக்கவும் வேண்டாம். அண்ணன் போன் எடுத்து அழுதால் கேள், அவன் அழவேண்டியவன்தான், அவனோடு கோவிக்காதே. அம்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடு, அதோடு அந்தப் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் ஒன்று. அவர்கள் வேதக்காரர் இல்லை, பாதரிடம் அதைச் சொல்ல வேண்டாம், பெயரை மட்டும் சொல்.

தேவன் உன்னையும் உன் வீட்டில் உள்ளவர்களையும் ஒருத்தரும் குறையாமல் வைத்திருக்கட்டும். கீழே கையெழுத்தை நானே வைக்கிறேன், நீ பழக்கின ஏழு எழுத்து. இந்தமுறை வைக்கிறதற்கு முந்தி முழுதையும் இரண்டுதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

இப்படிக்கு,
உன் ஐயா
பஸ்ரியன்

எழுதியது: மல்வேர்ன் வீட்டில் 2003 வைகாசியில் இருந்து 2007 ஆனிவரை குடியிருந்த மூன்று பேரில், ஸ்ரீஸ்கந்தராசா இல்லை, துர்க்கா இல்லை, உயிரோடு இருக்கிற தவமணி.